நீரெலித் தோலும் கூழ்வடாமும்

நான் எலி பிடித்தவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு வெட்கப்படச் சொன்னார்கள், படவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் படுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பம்பாயில் ஹோட்டலில் எச்சில் தட்டு கழுவினேன். அங்கிருந்து கப்பல் சமையற்கட்டுக்குப் போனேன். கப்பல் மாண்ட்ரியால் துறைமுகத்தில் நின்றபோது இறங்கிவிட்டேன். அறுபதுகளின் கடைசி அது. முதல் குளிர்காலத்தில் இரண்டு கால்விரல் நகம் கறுத்து விழுந்தது. மறுபடி முளைத்தது. அந்த ஊரின் கோட்-டெ-நேஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி தள்ளும் வேலை கிடைத்தது.

தங்கியிருந்தது பக்கத்துப் பகுதியான நோத்ர-டாம்-த-கிராஸில், ஒரு தமிழ்ப் பேராசிரியர் வீட்டு பேஸ்மெண்டில். சைவக் குடும்பம். அவரை நான் சார் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். வீட்டுக்குள் கறி, மீன், முட்டை கூடாது என்பது ஒரே நிபந்தனை. அதை நான் ஒருநாளும் மீறவில்லை. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. குளிருக்கு மட்டுமில்லை. அப்போது ஊர் முழுக்கத் தேடினாலும் தமிழ் பேசும் வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அந்த வீட்டை விட்டால் எனக்குத் தமிழே கிடையாது. விருந்துநாளில் பெரிய பாத்திரத்தைக் கிண்டவும் தேங்காய் துருவவும் என்னைக் கூப்பிடுவார்கள். சந்தோஷமாகவே போவேன். கிண்டும்போது காதில் தமிழ் விழுமே.

ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் ஒருவன் வேலை பார்த்தான். என் வயதுதான். பிரெஞ்சுக்காரன். கோபம் வந்தால் மாதா கோயில் சாமான்களின் பெயரையெல்லாம் சொல்லித் திட்டுவான். அந்த ஊரில் வசவே அப்படித்தான். அவனுக்கும் எனக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீஷ். ஐப்பசி பிறந்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. மாண்ட்ரியால் ஒரு தீவு. அதன் மேற்குக் கோடிக்கு அப்பால், ஏரிக்கரைச் சதுப்பில் பொறி வைக்கப் போவான். பிழைப்புக்காக இல்லை. சிலர் சீட்டாடுவார்கள், சிலர் பாட்டுக் கச்சேரிக்குப் போவார்கள், அவன் பொறி வைப்பான்.

"நீயும் வா. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?" என்றான்.

"துணி துவைக்கிறேன்."

"வாரம் முழுக்க அதைத்தானே செய்கிறாய், முட்டாளே!"

போனேன். அவனுக்கு அனுமதிச்சீட்டு இருந்தது, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தான். மிருகத்தின் பெயர் மஸ்க்ராட். நம் பெருச்சாளியைவிடப் பெரியது, தண்ணீரில் வாழ்வது. நான் நீரெலி என்றே சொல்வேன். கோரையைக் கடித்துத் தின்னத் தண்ணீரோரம் மேடை மாதிரி ஓர் இடம் வைத்திருக்கும். இரும்புப் பொறியை அங்கே முழங்கையாழத் தண்ணீரில் வைக்க வேண்டும். பொறியின் கம்பியை ஆழமான பக்கத்தில் முளையடித்துக் கட்ட வேண்டும். மாட்டியதும் அது ஆழத்துக்குத்தான் பாயும், போன வேகத்தில் மூழ்கிச் சாகும். கரைப் பக்கம் கட்டினால் உயிரோடு கிடந்து காலைக் கடித்துக்கொள்ளும். அதனால் கம்பி கட்டுவதில் அவன் கண்டிப்பானவன். முதல் நாள் நான் தளர்த்திக் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தான். ஐஸ் மிதக்கும் தண்ணீரில் கைவிட்டு வேலை செய்ததில் விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. ஆனால் மறுநாள் விடியற்காலை இருளில் கோரைக்குள் நடந்து போகும்போது, எந்தப் பொறியில் என்ன இருக்கும் என்ற அந்தத் துடிப்பு இருந்ததே, கப்பல் ஏறிய நாளுக்குப் பிறகு எனக்கு அது வந்ததில்லை. வைத்த பொறியைத் தினம் பார்க்க வேண்டும் என்பது சட்டம். இருவருக்கும் மத்தியான ஷிப்டு. விடியலில் அவன் லாரியில் போய்ப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவோம்.

தோலுரிப்பது சுலபம். பின்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரே கீறல். பிறகு ஈர பனியனைத் தலைவழியே கழற்றுகிற மாதிரி இழுத்துவிட வேண்டும். ரோமம் உள்ளே, தோல் வெளியே வரும். கொழுப்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, பலகையில் மாட்டி, அனல் படாமல் காற்றில் உலர்த்த வேண்டும். அனல் பட்டால் தோல் வெந்துவிடும். கறியை அவன் வீட்டில் மிளகு போட்டு வறுத்துத் தின்றோம். நன்றாகவே இருந்தது. உரித்தது, சுரண்டியது எல்லாம் அவன் வீட்டுக் கொட்டகையில்தான். உலர்த்த மட்டும் அங்கே இடமில்லை. அதனால் என் பங்குத் தோல்களை என் இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

பேஸ்மெண்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். படி இறங்கியதும் வலதுபக்கம் பாய்லர். மாண்ட்ரியாலில் கார்த்திகை மாசத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அக்கா பாய்லர் பக்கத்தில் மேஜை போட்டு, ஈர வேட்டியை விரித்து, அதில் கூழ்வடாம் ஊற்றிக் காயவைப்பார். இடதுபக்கம் பின்வாசலுக்குப் போகும் சந்து, சில்லென்று காற்று வரும். சந்தின் கோடியில் என் அறை. அந்தச் சந்தில் ஆணியடித்துக் கயிறு கட்டி, காய்ந்து விறைத்த தோல்களைத் தொங்கவிட்டிருந்தேன். தட்டையாக, வெளிர் மஞ்சளாக, ஓரம் கொஞ்சம் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். அக்கா இடதுபக்கம் வரமாட்டார். சார் பேஸ்மெண்டுக்கே வரமாட்டார்.

கார்த்திகை தீபத்துக்கு விருந்து. ஜன்னலோரமெல்லாம் அகல். நான் அடுப்படியில் பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு கிண்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்களெல்லாம் டாக்டர்கள், இன்ஜினீயர்கள். அவர்களுடைய ரோமக் கோட்டுகளை வழக்கம்போல என் கட்டிலில் குவித்து வைத்திருந்தேன். வீட்டில் அதற்கு வேறு இடமில்லை.

அக்கா வாணலியில் எண்ணெய் வைத்துவிட்டு, "கீழே வடாம் காயுது, கொஞ்சம் அள்ளிட்டு வர முடியுமா?" என்று ஒரு டாக்டரின் மனைவியிடம் சொன்னார். நான் போகிறேன் என்றேன். "பாகு முத்திடும், நீ கிண்டு" என்றார். டாக்டரம்மாவுக்கு அன்று ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு. படி இறங்கி வலதுபக்கம் திரும்புவதற்குப் பதில் இடதுபக்கம் திரும்பிவிட்டார்.

இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உற்சாகமாக மேலே வந்தார்.

"அக்கா, வடாம்னு சொல்லி அனுப்புனீங்க, இம்மாம் பெரிய அப்பளம் இட்டு வச்சிருக்கீங்களே! என்ன மாவு இது, மரவள்ளியா? முழுசாப் போட முடியாது, உடைச்சுத்தான் போடணும்."

உடைத்துப் பார்த்தார். உடையவில்லை. வளைந்தது.

"நமுத்துப் போச்சா? ஓரத்துல என்ன இது, பஞ்சு மாதிரி?"

எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அவர் கை வாணலிக்கு மேலே போய்விட்டது. நான் பாகுக் கரண்டியோடு குறுக்கே கையை நீட்டினேன்.

"அதைப் போடாதீங்கம்மா. அது நீரெலித் தோல். என்னுது."

அவர் திருப்பிப் பார்த்தார். மூக்கு இருந்த இடமும் காது இருந்த இரண்டு துளையும் தெரிந்தன. அவர் போட்ட சத்தத்தில் அகல் அணையாததுதான் ஆச்சரியம்.

கூடத்திலிருந்த ஆண்களெல்லாம் வந்துவிட்டார்கள். சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? பொறி வைப்பது, உரிப்பது எல்லாம் சொன்னேன்.

"ஊர்ல எலி பிடிக்கிறவங்க யாருன்னு தெரியும்ல உனக்கு?" என்றார் அந்த அம்மாவின் கணவர், டாக்டர்.

"தெரியும் சார். பசிச்சவங்க."

"அதைக் கேக்கலப்பா. நீ யாருன்னு கேக்கறேன்."

இதுதான் விஷயம். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுற்றிச் சுற்றி இதையே கேட்டிருக்கிறார்கள். உங்க ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது? மாமன் வீடு எங்கே? ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவேன். இப்போது தோல் பதில் சொல்லிவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள்.

டாக்டரம்மா மெதுவான குரலில் அக்காவைக் கேட்டார். மெதுவாகக் கேட்டாலும் சமையலறை சின்னது. "போன பொங்கலுக்கும் இவன்தானே கிண்டுனான்?"

அக்கா அடுப்பை அணைத்தார்.

சார் கடைசியில் பேசினார். "சைவ வீடுப்பா இது. உயிரைக் கொன்னு தோலைக் கொண்டாந்து தொங்கவிடுற இடமா?"

"நீங்க பூஜைக்கு உக்கார்றது மான் தோல்தானே சார்?"

"அது தானாச் செத்த மான்."

"நீங்க பாத்தீங்களா?"

"அப்படிச் சொல்லித்தான் குடுத்தாங்க."

"என் கட்டில்ல கிடக்குற கோட்டெல்லாம்?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. "அது கடையில வாங்குனது. அதுவும் இதுவும் ஒண்ணா?"

பாகு முத்திவிட்டது, உருண்டை பிடிக்க முடியவில்லை. யாருக்கும் சாப்பிட மனமில்லை. கிளம்பலாம் என்றார்கள். கிளம்பக் கோட்டு வேண்டும். கோட்டு என் கட்டிலில் இருந்தது.

"நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நீ தொடாதே" என்றார் டாக்டர்.

சரி என்று படியோரம் ஒதுங்கி நின்றேன். அவரே இறங்கினார். சந்து குறுகல், என் கயிறு தலை உயரம். தோல் எதுவும் மேலே படாமலிருக்க டாக்டர் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, நண்டு மாதிரி என் அறைக்குப் போனார். மனைவியின் ரோமக் கோட்டையும் தன்னுடைய ரோமக் குல்லாயையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதே தோல்களுக்கு அடியில் குனிந்து திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் இன்ஜினீயர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒவ்வொருவராக என் நீரெலிகளுக்குத் தலை வணங்கிவிட்டுத்தான் போனார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. விளக்கைத்தான் போட்டுவிட்டேன், தடுக்கி விழாமலிருக்க.

மறுநாள் காலை சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கத்தவில்லை. கெட்டவர் இல்லை அவர்.

"நல்லதுக்குத்தான் சொல்றேன் தம்பி. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடு. தலை முழுகிட்டு வா. பொங்கலுக்கு எல்லாரும் வருவாங்க, அவங்க முன்னாடி தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்படியே உங்க ஊரு, உறவு எல்லாத்தையும் வெளிப்படையாச் சொல்லிடு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. முடியாதுன்னா வேற இடம் பாத்துக்கோ."

"தெரிஞ்சுதான் சார் பண்ணேன். தலைக்கு தினமும்தான் குளிக்கிறேன்."

"இந்தக் குளிர்ல எங்கப்பா போவே?"

"இதைவிடக் குளிர்ல ஏரியில கைய விட்டுட்டுத்தான் சார் வர்றேன்."

என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு கட்டு பலகையும் இருந்தன. அன்றே கிளம்பினேன். தோல்களைக் கயிற்றோடு அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் பார்த்துவிட்டு, "நல்ல வேட்டை" என்றார் பிரெஞ்சில். அவ்வளவுதான், யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பாய்லர்காரனுக்குப் பழக்கமான ஒரு கிரேக்கக் கிழவி பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி அறை கொடுத்தாள். ஜன்னல் சரியாக மூடாது, காகிதம் அடைத்துக்கொண்டேன். தோல்களைக் கண்டதும் அவள் உள்ளே போனாள். சரி, இங்கேயும் முடிந்தது என்று பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். சுத்தியலோடு வந்தாள். "உயரமாக அடி. பூனை இருக்கிறது" என்றாள். நான் யார் என்று அவள் கேட்கவில்லை.

பொங்கலன்று நான் சதுப்பில் இருந்தேன். ஐஸைக் கோடாலியால் வெட்டிப் பொறியைத் தூக்கினேன். காலி. பாய்லர்காரன் கோயில் சாமான்கள் அத்தனையையும் சொல்லித் திட்டினான். நானும் திட்டினேன், தமிழில், எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை முழுவதும். அந்தக் குளிர்காலத்தில் நான் வாய்விட்டுப் பேசிய தமிழ் அதுதான். தமிழ் இல்லாதது கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்த ஐப்பசியில் ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். அவரும் ரோமக் கோட்டுதான் போட்டிருந்தார். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். நேரே வந்தார்.

"சாப்பிடுறியா ஒழுங்கா? எலும்பு தெரியுது."

"சாப்பிடுறேன்க்கா."

"இந்த வருஷம் வடாம் ஊத்திட்டேன். பாய்லர் பக்கம் போட்டா அனல்ல வெடிச்சுப் போகுது. நீ இருந்த சந்துல காத்து நல்லா வருதே. உன் ஆணியிலதான் வேட்டியோட நாலு மூலையையும் கட்டி விரிச்சிருக்கேன். சாருக்குத் தெரியாது. அவரு கீழே எங்க வர்றாரு?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு வாயேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. இனிமே அந்த வேலைக்குப் போகலேன்னு. மத்ததை நான் பாத்துக்கறேன். ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"வந்தா எந்தத் தெருன்னு கேப்பாங்கக்கா."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர்.

"சனிக்கிழமை சீசன் ஆரம்பிக்குதுக்கா. பொறி வைக்கப் போகணும்" என்றேன்.

பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். வடாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

நான் எந்தத் தெருக்காரன் என்று அந்த வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. இதை இவ்வளவு தூரம் படித்துவிட்டு நீங்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தால், உங்களுக்கும் சொல்வதாக இல்லை. அந்த வடாமை நானும் பாய்லர்காரனும் சதுப்புக் கரையில் பன்றிக்கொழுப்பில் பொரித்துத் தின்றோம். அவன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.