தோல் உரிக்கும் அறையில் ஒரு விசிறிக்காரன்

எங்கள் குலசாமி மேல் ஆணை, என் கண்ணு ரெண்டின் மேல் ஆணை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தச் சொன்னாலும் கத்துவேன்: இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. பரு வந்த முகத்தில் மருந்துத் திராவகம் பூசி மேல்தோலை உரிய வைக்கிற ஆஸ்பத்திரியில் விசிறி வீசுவது என் உத்தியோகம். பீலிங் என்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று பருவைக் கிள்ளிக் கிள்ளி அழுத மகாசனங்களே, அதைப் பூசிக்கொண்டு படுத்தவர்களுக்கு இந்த உத்தியோகத்தின் அருமை தெரியும்; மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கரண்ட் போன நேரம்

என் முதுகில் தேமல். அதைக் காட்டத்தான் பாளையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். டாக்டரம்மா மதுரையிலிருந்து வந்து போகிறவர். என் முறைக்காகக் காத்திருந்தபோது உள்ளே ஒரு காலேஜ் பிள்ளை முகம் முழுக்க மருந்தோடு படுத்திருந்தது. கண் ரெண்டிலும் ஈரப்பஞ்சு. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றால் எரிச்சல் ஏறும், எரிச்சல் ஏறினால் கை முகத்துக்குப் போகும், கை போனால் தழும்புதான். நர்சு ஜெயா, "யாராச்சும் வந்து வீசுங்களேன்!" என்று அலறியது. கிடந்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.

கை வேலை செய்யும்போது என் வாய் சும்மா இருக்காது. "எங்க ஊரு கெணத்து ஆழம் தெரியுமா தாயி? போன சித்திரையில ஒரு வெள்ளாடு உள்ள விழுந்துச்சு. எட்டிப் பாத்தா இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. பாவம், பசிக்குமேன்னு தெனம் காலையில ஒரு கட்டுக் கொழை போடுறோம். சாயங்காலத்துக்குள்ள அது ஆட்டை எட்டிப் பிடிச்சுருது" என்றேன். முகத்தை நோக்கி வந்த அந்தப் பிள்ளையின் கை, பாதியில் நின்று கீழே இறங்கியது. ஜெயா பச்சைத் தண்ணீரால் முகத்தைத் துடைத்துவிட்டதும் அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது: "எரிச்சல் கெடக்கட்டும் தாத்தா, ஆடு தரையைத் தொட்டுச்சா இல்லையா?"

கண்டக்டர் சிரித்த கதை

டாக்டரம்மா அன்றைக்கே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரே ஒரு கட்டளை: கதை சொல்லலாம், சிரிக்க வைக்கக் கூடாது. சிரித்தால் கன்னம் குழியும், மருந்து வாயோரத்துக்கு ஓடும். நானும் அடக்கித்தான் சொல்லி வந்தேன். இந்த வேலை எனக்கு எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? வீட்டில் நான் வாயைத் திறந்தாலே மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். டீக்கடையில் என்னைக் கண்டதும் பாதிப் பேருக்கு அவசர ஜோலி வந்துவிடும். இங்கேயோ, கேட்பவருக்குக் கண்ணில் பஞ்சு, முகத்தில் மருந்து. எழுந்து போக வழியே கிடையாது!

ஒரு நாள் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து படுத்தார். ஆட்டைப் பற்றிக் கேள்விப்பட்டே வந்திருக்கிறார். "என்ன நெலவரம்?" என்றார். நான் என்ன செய்ய? "போற வழியிலயே குட்டி போட்டுருச்சுய்யா. இப்ப ரெண்டும் சோடியா விழுந்துக்கிட்டு இருக்கு" என்றேன். மனுசன் கட்டில் ஆடச் சிரித்தார். மருந்து வழிந்து கீழுதட்டில் இறங்கிவிட்டது. டாக்டரம்மா ஓடி வந்து கழுவிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா பேட்டரி விசிறி வாங்கிருவேன். நீங்க வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். கண்டக்டரோ வீங்கின உதட்டோடு வாசல் வரை போனவர், திரும்பி வந்து என் காதில் கேட்டார்: "குட்டி கெடாவா, பெட்டையா?"

ஆத்தா வந்த வீடு

டாக்டரம்மாவுக்கும் அவர் பங்குக்கு ஒரு கவலை இருந்தது. உள்ளே செய்கிற வைத்தியம் சரியாக இருக்கும். வெளியே போனதும் யாரும் சொன்ன சொல் கேட்பதில்லை. வெயிலில் போகாதே என்றால் போவார்கள், உரியும் தோலைப் பிய்க்காதே என்றால் பிய்ப்பார்கள். அப்புறம் முகம் கறுத்துப்போய் வந்து நின்று சண்டை போடுவார்கள்.

பாலவனத்தத்திலிருந்து ஒரு மருமகள் வந்து செய்துகொண்டு போனாள். மறுநாள் முகம் சிவந்து, அதற்கடுத்த நாள் தோல் உரிந்தது. மாமியார் பார்த்தார், அம்மை என்றே முடிவு கட்டிவிட்டார். நிலையில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு கிடையாது. மருமகளுக்கு மூன்று வேளையும் கூழ், முகத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பத்து. மருமகள் வாய் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பீலிங் செய்தது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் சமையல்கட்டுப் பக்கம் போக வேண்டாம். புண்ணாகிப் போன முகத்தோடு வந்தவளைப் பார்த்து டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். கூடவே வந்த மாமியார் கையில் வேப்பங்கொத்தோடு சொன்னார்: "ஆத்தா தானா வந்தா, தானா எறங்கிட்டா. இதுல நடுவுல நீங்க யாரு தாயி?"

சோளக்காட்டு மாப்பிள்ளை

திருச்சுழிப் பக்கத்திலிருந்து வருகிறவன் செல்வராசு. மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. தை மாதம் கல்யாணம். முதல் தடவை செய்துகொண்டு நேரே சோளக்காட்டு வேலைக்குப் போய்விட்டான். கன்னம் ரெண்டும் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. அது தெளியவே பல மாதம் ஆனது. மறுபடி வந்து நின்றவனிடம் டாக்டரம்மா, "இந்தத் தடவையும் வெயில்ல போனீங்கன்னா இனிமே இங்க வராதீங்க" என்றார். "மக்காச்சோளம் நெழல்ல வெளையாதே டாக்டர்" என்றான் அவன்.

எனக்கு அது கடைசி நாள். பேட்டரி விசிறி வந்து, பெட்டி பிரிக்காமல் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. கண்டக்டருக்குப் பிறகு இன்னொரு ஆளும் சிரித்துத் தொலைத்திருந்தான். இனிமேல் யாரிடம் போய்ப் பேசுவேன் என்ற துக்கத்தில் சிரிப்புக் கதை ஒன்றும் வாயில் வரவில்லை. மெதுவாக வீசிக்கொண்டே சொன்னேன்: "ஏலே மாப்ளே, ஒன்னைய மாதிரியே ஒருத்தன், தோலு உரியுற முகத்தோட காட்டுக்குப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, வளத்த நாய் வெரட்டுது. சரின்னு போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுறான், போனு தெறக்க மாட்டேங்குது. நீ யாருங்குது. பொண்ணு வீட்டுக்கு ஓடுறான். பொண்ணு எட்டிப் பாத்துட்டு உள்ள போயி, 'அம்மா, யாரோ வந்துருக்காக, என்னன்னு கேளுங்க'ங்குது." செல்வராசு சிரிக்கவில்லை. முகம் அசையவே இல்லை. பஞ்சுக்கடியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது: "அப்புறம் அந்தக் கல்யாணம் நடந்துச்சா சித்தப்பு?"

பெட்டி பிரிக்காத விசிறி

நடந்துச்சா இல்லையா என்று நான் சொல்லவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஜெயாவிடமிருந்து போன்: டாக்டரம்மா உடனே வரச் சொல்கிறார். போனால், செல்வராசு நிற்கிறான். கன்னம் புதுச் சட்டி மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அறுவடைக்கு மிஷின் பேசி விட்டுவிட்டு, இவன் குடையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே வேலையை மேய்த்திருக்கிறான். "டாக்டர், நீங்க குடுத்த களிம்பையும் போட்டேன், இல்லைங்கலை. ஆனா போனு தெறக்குதான்னு மணிக்கொருக்காப் பாத்துக்கிட்டேன். அந்தப் பயத்துல நெழலை விட்டு நகரலை" என்றான்.

டாக்டரம்மா பேட்டரி விசிறியைப் பெட்டியோடு தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "ஐயா, வெளிய ஒரு வாத்தியார் உக்காந்துருக்கார். வெயிலெல்லாம் ஒண்ணும் செய்யாதுங்கறார். அந்தப் போன் கதையை அவருக்கும் சொல்லிருங்க" என்றார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, ஜெயாவின் காதில் விழாமல் டாக்டரம்மா பின்னாலேயே வந்து கேட்டார்: "ஐயா… அந்த ஆடும் குட்டியும் என்னாச்சு?"

அவை இரண்டும் தரையைத் தொடுகிற அன்றைக்கு என் உத்தியோகமும் போய்விடும் என்பதால் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. எங்கள் ஊரில் கிணறே கிடையாது, போர்வெல்தான் என்கிற விசயம் உங்களுக்கு எப்போதாவது தெரியவந்தால், யார் சொன்னது என்று மட்டும் டாக்டரம்மாவிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.