கணவரின் போனுக்குப் போன முடிவு

அரசு சுகாதார நிலையங்களுக்காக ஒரு மனநலப் பரிசோதனைச் செயலி தயாராகிக்கொண்டிருந்தது. டேப்லெட்டில் சில கேள்விகள் வரும். பதில்களைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முடிவு காட்டும். நான் மனநல ஆலோசகர். கேள்விகளைத் தமிழில் எழுதுவது, மக்களிடம் கொடுத்துப் பார்த்துத் திருத்துவது, சிவப்பு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது, இவ்வளவும் என் பொறுப்பு.

தமிழில் எழுதினேன் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை ஒரு குழு வாங்கிக்கொண்டு போய் வேறு தமிழாக்கித் திருப்பி அனுப்பியது. ‘எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா?’ என்று நான் கேட்டிருந்தது, ‘செயல்களில் ஆர்வக்குறைவு அல்லது இன்பமின்மையால் பாதிக்கப்பட்டுள்ளீர்களா?’ என்று ஆகியிருந்தது. இதை எந்த மனிதர் எந்த மனிதரிடம் கேட்பார் என்று நான் சண்டை போட்டேன். அரசாங்கத் தமிழ் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

சோதனை நடந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். எனக்கு வீடு வேப்பம்பட்டில். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், வண்டி மாறி, பொன்னேரி வழியாக மறுபடி வடக்கே ஏற வேண்டும். போய்ச் சேரும்போதே எனக்குப் பாதிப் பொறுமை போயிருக்கும்.

ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்க ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். அங்கிருந்த நர்ஸ் அவரைப் பிடித்து என் முன்னால் உட்காரவைத்தார். முதல் கேள்வியைப் படித்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னா மேடம் இது? இன்பம் கின்பம்னு கேட்டுக்கினு?”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அதில்லமா. மனசு எதுலயும் ஒட்டலயானு கேக்கறாங்க.”

“அப்டி கேளுங்க. ஒட்லதான். போறேன், வரேன். அவ்ளோதான்.”

அடுத்தது தூக்கம். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“நைட் ஷிப்ட் பாக்கறவளாண்ட தூக்கம் வருதானு கேட்டா இன்னா சொல்றது? பகல்ல எங்க தூங்க வுடறாங்க? எதிர் ஊட்ல கிரைண்டர், பக்கத்து ஊட்ல டிவி.”

ஷிப்ட் வேலையா என்று கேட்கச் செயலியில் இடம் கிடையாது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் சோதனை நடத்துகிறோம், அது ஒன்றைச் சேருங்கள் என்று மூன்று முறை மின்னஞ்சல் எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ‘தினமும் தூக்கமில்லை’ என்பதைத் தட்டினோம்.

கடைசியில் போன் நம்பர் கேட்டது. நம்பர் போட்டு, அதற்கு வரும் ஓடிபியையும் போட்டால்தான் முடிவைச் சேமிக்கும். கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள் என்பதால் அவர் போன் வீட்டில் இருந்தது. “எங்க ஊட்டுக்காரர் நம்பர் போட்டுக்கோங்க” என்றார். நர்ஸின் போனிலிருந்து கணவரைக் கூப்பிட்டு, வந்த எண்ணைக் கேட்டுச் சொன்னார். எதற்கு என்று அவர் கேட்டிருப்பார் போல. “ஆஸ்பத்திரில பதியறாங்க” என்று சொல்லி வைத்தார்.

வேறொருவர் நம்பரில் பதியக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் வெளியே வரிசை நின்றது. இன்று எத்தனை பேர் என்று கேட்டு மேலிடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. போட்டேன். சிவப்பு வந்தது. வியாழக்கிழமை வந்து பேசச் சொல்லி அனுப்பினேன்.

அவர் வரவில்லை. அவருடைய கணவர் வந்தார்.

“எங்க ஊட்டம்மாவுக்குப் பைத்தியம்னு கவர்மெண்டே மெசேஜ் போட்டுகீது. இங்க யாரு மேடம் அதுக்குப் பொறுப்பு?” என்று போனை நீட்டினார்.

‘உங்கள் மனநலப் பரிசோதனை முடிவு: தீவிரம். உடனடியாக ஆலோசகரை அணுகவும்.’

இப்படி ஒரு குறுஞ்செய்தி போகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். புதிய பதிப்பில் ஒரு வசதியாக இதைச் சேர்த்திருக்கிறார்கள். களத்தில் இருந்த எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

“நான் சுகர் டெஸ்ட்டுனு நெனச்சிக்கினேன். கண்ணாடி இல்ல. டீக்கடைல ஃப்ரெண்டாண்ட ஊட்டம்மா ரிசல்ட்டுனு குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் சத்தமாப் படிச்சிட்டான்.” அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “தெருவே பேசுது. மூணு நாளா அவ வெளிய வரல. கம்பெனிக்கும் போவல. ஒன்னும் இல்லைனு இன்னொரு மெசேஜ் போட்டு வுடுங்க. அத்த காட்டிட்டு வரேன்.”

செயலியை எழுதிய புரோகிராமரை அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன்.

“அந்த மாதிரி மெசேஜ் சிஸ்டத்துல இல்ல மேடம். புதுசா ஒன்னு அனுப்பணும்னா வாசகத்துக்கு அப்ரூவல் வாங்கணும். மூணு வாரம் ஆகும்.”

“தீவிரம்னு அனுப்பினீங்களே, அதுக்கு அப்ரூவல் இருக்கா?”

“அது இருக்கு மேடம்.”

போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. மருத்துவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓபி சீட்டை எடுத்து, ‘தலைவலிக்காக வந்தார். அச்சப்பட ஒன்றுமில்லை’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே நர்ஸும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண்மணி கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

“உங்களால எவ்ளோ பேஜாராப் பூட்ச்சி தெரியுமா மேடம்?”

“தெரியும்மா. தப்பு என்னுதுதான். உங்க வீட்டுக்காரர் நம்பரை நான் போட்டிருக்கக் கூடாது.”

சமாதானமாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “வெயில்ல நிக்காதீங்க” என்று கதவை முழுதாகத் திறந்தார்.

அவருடைய கதை எந்தக் கேள்வியிலும் இல்லாதது. பல வருடம் வயர் கட்டிய அதே லைனுக்கு அவரையே லீடராகப் போட்டிருந்தார்கள். முதல் வாரம் எல்லோரும் கைகொடுத்தார்கள். பிறகு, லேட்டாக வந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

“நான் போய்க் குந்தனா தட்ட எடுத்துக்கினு எழுந்து பூட்றாங்க. அதுல ஒருத்தி என் கல்யாணத்துக்கு வந்தவ. சோறு எறங்கவே மாட்டேங்குது மேடம்.”

அழுதார். நாங்கள் அங்கிருந்து கிளம்ப நாலு மணி ஆனது. சிவப்பு என்று காட்டியது சரிதான், அதற்குச் செயலி கணக்கில் எடுத்த தூக்கம் போன்ற காரணங்கள்தான் தப்பு என்று ரயிலில் வரும்போது நினைத்தேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

திருவள்ளூரில் நடந்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஓடிபி இல்லன்னா ஒரே ஆளை ரெண்டு தடவ பதிஞ்சிடுவாங்க மேடம். டேட்டா கெட்டுடும்” என்றார். அந்தக் குறுஞ்செய்தியையாவது நிறுத்துங்கள் என்றேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார். அதுவரை டேப்லெட்டைத் தொட மாட்டேன், காகிதத்தில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன். விளக்கம் போதவில்லை என்று இன்னொரு கடிதம் வந்தது. அதற்கும் எழுதினேன்.

ஆறு வாரம் கழித்துக் குறுஞ்செய்தி நின்றது. போன் நம்பர் இல்லாமல் நர்ஸே பதியவும் வழி செய்திருந்தார்கள். ஏன் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்த நல்ல மாற்றத்துக்காகப் புரோகிராமரைப் பாராட்டிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பெண்மணி அதற்குள் வியாழக்கிழமைகளில் வரத் தொடங்கியிருந்தார். லீடர் வேலை வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்ததைக் கம்பெனி ஏற்கவில்லை. லீடராகவே வேறு லைனுக்கு மாற்றியது. அங்கே எல்லையைத் தாண்டி வேனில் வரும் ஆந்திரப் பெண்கள் அதிகம்.

“கேன்டீன்ல கூப்புட்டு ஒக்கார வெச்சிக்கிறாங்க. தெலுங்குல பேசிக்கினே இருப்பாங்க, பாதி புரியாது. கோங்குரா தொகையல்ல கொஞ்சம் எடுத்து என் தட்டுல வெச்சிடுவாங்க. நானும் துன்னுவேன்” என்றார்.

அவர் போனதும் வருகையைப் பதியச் செயலியைத் திறந்தேன். ‘தற்போதைய நிலை’ என்பதற்குக் கீழே மூன்றே வாய்ப்புகள்: குணமடைந்தார், சிகிச்சையில் உள்ளார், தொடர்பில் இல்லை. எதையாவது தட்டாமல் மூடவிடாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவதைத் தட்டினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.