கறுப்படித்த வட்டங்கள்

பிள்ளைகளின் மூளைக் கட்டிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில், ஊசி போடத் தெரியாமல், மருந்து கட்டத் தெரியாமல், ஆட்களின் உறவுமுறையை மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கிற உத்தியோகம் ஒன்று உண்டு, அது என்னுடையது.

முப்பது வருடம் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். என்னிடம் படித்த பெண்ணொருத்தி டொக்டராகி வந்து, சனத்தோடு கதைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறேன். தாய் தகப்பனை இருத்தி, குடும்பத்தை மூன்று நாலு தலைமுறைக்குப் படமாகக் கீறிக் கொடுப்பது வேலை. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. பெயர் கூப்பிடும்வரை ஆஸ்பத்திரியின் நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்து இடுப்பு நொந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

சாதகக் கட்டு

சாவகச்சேரியிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் நாலு வயது மகளோடு வந்தார். வரும்போது குடும்ப விவரம் எல்லாம் கொண்டு வாருங்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தோம். அவர் மஞ்சள் துணியில் சுற்றி, வீட்டில் எல்லாருடைய சாதகத்தையும் கொண்டு வந்திருந்தார். சிரிக்காதீர்கள். நான் விசாரித்தால் கிடைக்காத பெயர்களும் பிறந்த திகதிகளும் அதற்குள் ஒழுங்காக இருந்தன. அரை மணித்தியாலத்தில் படம் முடிந்துவிட்டது.

முடித்ததும் அவர் மகளின் சாதகத்தை மட்டும் திரும்ப விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தபடி என்னுடைய தாளை எட்டிப் பார்த்தார்.

“இதிலை பிள்ளைக்கு ஆயுள் எழுபத்தெட்டு எண்டு கிடக்கு, ரீச்சர். உங்கடை படத்திலை எவ்வளவு போட்டிருக்கு?”

பொத்துகிற ஆள்

அன்ரனும் றெஜினாவும் குருநகரிலிருந்து வந்தவர்கள். அவன் கடலுக்குப் போகிறவன். மூத்த மகள் ஜெனிற்றாவுக்கு ஒன்பது வயது. விடியற்காலையில் தலையிடியும் வாந்தியும் வந்து, பிறகு எழுதும்போது பென்சில் கைநழுவி விழத் தொடங்கி, ஸ்கான் எடுத்தபோது எலுமிச்சங்காய் அளவில் கட்டி. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். முழுதாக எடுக்க முடியவில்லை. பிள்ளையின் உடம்பில் பால்தேத்தண்ணி நிறத்தில் ஏழெட்டு மறுக்கள் இருப்பதை எங்கள் டொக்டர் கவனித்து, என்னிடம் அனுப்பினாள்.

நான் அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். உடம்பில் கலங்கள், அதாவது செல்கள், பெருகும்போதெல்லாம் பழையதைப் பார்த்துப் புதியது எழுதப்படுகிறது. எழுதினால் பிழை விழும். அதைத் தேடித் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஒன்று பழுதென்றால் மற்றது நெடுங்காலம் சமாளிக்கும், ஆனால் நடு வயதில் குடலில் கட்டி வருவதும் உண்டு. இரண்டும் பழுதான பிள்ளைக்குப் பிழைகள் குவிந்து, சின்ன வயதிலேயே மூளையில் கட்டி வரலாம். கூடப்பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் ஐந்து வயதில் மெலனி என்று இளையவள் இருந்தாள். அவளுடைய முதுகிலும் அதே நிற மறுக்கள் உண்டு, அதிர்ஷ்டம் என்று சொல்லுவார்கள் என்று றெஜினா சாதாரணமாகச் சொன்னாள். என் பேனா நின்றுவிட்டது. இளையவளின் இரத்தத்தையும் உடனே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அன்ரன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தான்.

“வலை கிழியிறது புதினமில்லை, ரீச்சர். என்ரை பிள்ளைக்குள்ளை பொத்திறதுக்கு ஆளில்லை எண்டுறீங்கள்.”

ஆயரின் அனுமதி

நீங்கள் இருவரும் சொந்தத்துக்குள் கட்டினவர்களோ என்று கேட்டதற்கு இருவரும் இல்லை என்றார்கள். ஆகவே இரண்டு தாள் எடுத்து, அவன் பக்கத்தை ஒன்றிலும் அவள் பக்கத்தை மற்றதிலும் கீறினேன். அன்ரனின் தமக்கை திரேசாவும் கூட வந்திருந்தார். அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பது வாங்கில் அவர் இருந்த விதத்திலேயே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வியாதி கிடையாது, இது இவள் கொண்டு வந்தது என்று செபமாலையை உருட்டியபடி சொன்னார். றெஜினா தலை நிமிரவில்லை. வீட்டிலும் இது நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

தாய் தகப்பனுக்கு மேலே, அவர்களைப் பெற்ற பேரன் பேத்தி வரை போய்ப் பெயர் கேட்பது என் பழக்கம். அன்ரனுடைய தாயின் தகப்பன் சூசைப்பிள்ளை, கரைவலை சொந்தமாக வைத்திருந்த சம்மாட்டி, நாற்பத்தைந்து வயதில் குடலில் கட்டி வந்து இறந்தவர். றெஜினாவின் தகப்பனுடைய தகப்பனும் சூசைப்பிள்ளை, அவரும் சம்மாட்டி, அவரும் நாற்பத்தைந்தில், குடலில். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது ஒரே ஆள்தானே என்றேன். அன்ரன் மறைக்கவில்லை. சொந்தமில்லை என்றுதான் அவன் உண்மையாகவே நம்பியிருந்தான்.

“ஓம், எனக்கு மாமான்ரை மகள்தான். ஆனா கலியாணத்துக்கு முதல் சுவாமியார் ஆயருக்கு எழுதி அனுமதி எடுத்துத் தந்தவர். அதோடை அந்தச் சொந்தம் தீர்ந்துபோச்சுத்தானே, ரீச்சர்?”

ஒட்டிய தாள்

இரண்டு தாளையும் பசை போட்டு ஒன்றாக ஒட்டி, அவர்கள் இருவருக்கும் நடுவில் சொந்தத்துக்குரிய இரட்டைக் கோட்டைப் போட்டுத் திரேசாவுக்குக் காட்டினேன். பழுதில் பாதி தம்பி கொடுத்தது, பாதி றெஜினா கொடுத்தது, இரண்டும் பெரும்பாலும் உங்களுடைய பேரனார் சூசைப்பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றேன். அந்த ஒற்றைப் பழுது உங்களிடமும் இருக்கலாம், உங்கள் பிள்ளைகளிடமும் இருக்கலாம் என்பதையும் மெல்லச் சொன்னேன். றெஜினா அன்றுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

திரேசா தாளை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். சுகமாக ஓடித் திரிகிற மெலனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பெயர் கெடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னார். அவன் ஓம் என்றான். நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும். எழுபது வயதில் நாகரிகம் பார்த்து வாய் மூடியிருந்தது என் பிழை. போகும்போது திரேசா மட்டும் திரும்பி வந்தார்.

“என்ரை மகளுக்குக் கனடாவிலை கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. உந்தப் படத்திலை இருந்து எங்கடை அப்பு சூசைப்பிள்ளையை எடுத்து விடுங்கோ, ரீச்சர்.”

ஜெனிற்றாவின் கேள்வி

ஜெனிற்றாவின் இரத்தம் வெளிநாடு போய்த் திரும்பி வந்த முடிவில், டொக்டர் பயந்தது சரியாக இருந்தது. வழமையான மருந்துகளில் சில இந்த வகைக் கட்டிக்குப் பலிப்பதில்லை என்பதால் வைத்தியத்தை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் கட்டி திரும்ப வளர்ந்துவிட்டது. ஒரு நாள் அவளைச் சக்கர நாற்காலியில் என் மேசைக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். அவள் படத்தை இழுத்து, இதில் நான் எது என்று கேட்டாள். கறுப்படித்த சின்ன வட்டத்தைக் காட்டினேன். பொய் சொல்ல வரவில்லை.

பக்கத்தில் தங்கச்சியின் வட்டம் வெறுமையாக இருந்தது. அதை ஏன் அப்படி விட்டிருக்கிறீர்கள் என்றாள். அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது என்றேன். றெஜினா தண்ணீர்ப் போத்தலோடு கதவடியில் நின்றுகொண்டிருந்தாள்.

“தெரியாட்டி அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கோவன்.”

முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

மாரி தொடங்குவதற்கு முன் ஜெனிற்றா போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், றெஜினா மெலனியைப் பள்ளிக்கூடச் சீருடையில் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அன்ரனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். வாசல்வரை ஓட்டோவில் கொண்டுவந்து விட்டது அவர்தான், திரேசா அக்காவுக்குத்தான் தெரியாது என்றாள்.

மெலனிக்கும் இரண்டும் பழுது. உடனே ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் ஓரத்தில், வெட்ட வசதியான இடத்தில் ஒரு சின்னக் கட்டி. அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆனால் இது முடிவு அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கான், அதற்குப் பிறகு குடலையும் இரத்தத்தையும் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்று றெஜினாவை இருத்திச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினாள். பிறகு, எவ்வளவு பெரிசு எடுத்தவை என்று கேட்டாள். பயறளவு என்றேன். அவள் அழாமல், கணக்குப் பார்க்கிற பிள்ளையைப் போல யோசித்தாள்.

“மூத்தவளுக்கு எலுமிச்சங்காய். இவளுக்குப் பயறு. உந்த வித்தியாசத்துக்குத்தானோ ரீச்சர், நான் அவளைப் பெத்தனான்?”

எங்கள் தொழிலில், முதல் பிள்ளைக்காக எழுதுகிற கடிதம் எப்போதும் இரண்டாவது பிள்ளையின் விலாசத்துக்குத்தான் நேரத்தோடு போய்ச் சேருகிறது.