இணைச்சீருக்கு நானே நின்றேன்

போன தை மாதம், மோகனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் என் தம்பிக்கு. எனக்கோ கீமோ சிகிச்சை பாதியில் இருந்தது. தலையில் ஒரு முடி இல்லை, புருவம்கூட இல்லை.

அதற்கு முந்தைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் எனக்கு வயிறு எரிந்தது. அல்சர்தான் என்று நினைத்து, ரோஸ் நிற மருந்தைக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று என் தாய்மாமா டாக்டரிடம், "புள்ளைக்குத் தெரிய வேண்டாங்க" என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும்.

டாக்டரும் சரியென்று, என்னை எதிரில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். அப்பா அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தம்பி ஒன்பதாவதோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குப் போய்விட்டான். குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். "அது எவ்வளவு வேகமாகப் பரவும் டாக்டர்?" என்று நானும் ஆங்கிலத்திலேயே கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். வயிற்றில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் நியூரோ எண்டோகிரைன் புற்றுநோய், அபூர்வமானது, அதிலும் வேகமாகப் பரவும் வகை, உடனே கீமோ தொடங்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் மாமா கேட்டது ஒன்றுதான். "நியூரோன்னா நரம்புதானே? அதுக்கு எதுக்கு வயித்துக்கு மருந்து குடுக்கறாங்க?" அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தம்பியின் கல்யாணம் அதற்கு முன்பே நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் மேடையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய சீர் அது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு அதுதான் கவலை.

"அம்மிணி, கோயலுக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டேன்னு சொல்லிப்போடு. ஆரு போய் சாமிகிட்ட கேக்கப் போறாங்க?"

"முடிய எடுத்தது மருந்துங்கத்தை. பேரு மட்டும் சாமிக்குங்களா?"

"அப்பப் பெரியப்பன் மவ நிக்கட்டும். நீ பின்னால உக்காந்துக்கோ. நல்ல காரியத்துல நோவக் காட்ட வேண்டாம்."

அம்மாவும் அதற்குத் தலையாட்டினார். அதுதான் எனக்கு வலித்தது. தம்பிக்கு நான் ஒரே அக்கா. இந்தச் சீர் அவனுக்கு ஒரு தடவைதான் நடக்கும், எனக்கும்தான். விக் வேண்டாம், முக்காடு வேண்டாம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

எதிர்பார்த்தது போலவே பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். "ஏஞ்சாமி, எந்தக் கோயலுக்கு முடி குடுத்தே?"

அத்தை என் முழங்கையைக் கிள்ளினார்.

"கோயலுக்கு இல்லீங்க. எனக்கு வயித்துல புத்துநோய். வைத்தியம் நடக்குதுங்க."

அந்த அம்மா எழுந்து விறுவிறுவென்று பெண் அறைக்குள் போனார். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடுத்துப்போட்டியே" என்றார் மாமா. தம்பி கல்யாணம் என்னால் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. "எம்புள்ளைக்கு முன்னயே தெரியுமாமா. மாப்பிள்ளை போன்ல சொல்லிட்டாராமா. எங்கிட்டத்தான் மறைச்சுப்போட்டா, கழுதை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஊட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். கோபம்தான். ஆனால் கல்யாணத்தை நிறுத்துகிற கோபம் இல்லை.

சீர் நடத்தும் அருமைக்காரர் மேடையிலிருந்து, "கூடப்பொறந்தவ ஆரு? நேரமாச்சு" என்று கூப்பிட்டார். அத்தை பெரியப்பா மகளை முதுகில் தள்ளினார். அவள் என்னைப் பார்த்தாள், நகரவில்லை. நான் எழுந்து படியேறினேன். அருமைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, "நிக்க முடியுமா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

"முடியுங்க."

சீர் பாதி நடக்கும்போதே கால் மரத்துக் கண் இருட்டியது. "உக்காந்துக்கக்கா" என்று தம்பி கிசுகிசுத்தான். "நீ மொதல்ல நேரா நில்லுடா" என்றேன். சீர் முடியும்வரை நின்றேன். கீழே அம்மா அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வைத்தியம் இன்னும் முடியவில்லை. கட்டி சுருங்கியிருக்கிறது என்கிறார்கள், மறுபடி வளரலாம் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் நேரில் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு, என்னைப் பற்றி யாராவது குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால், ஒரு நாற்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.