ராகுகாலத்துக்கு முன் விழுந்த சுருக்கம்

உயிருள்ள செல் தான் ஊரும் பரப்பை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் அடையாறு ஆய்வுக்கூடத்தின் வேலை. நான் அங்கே டெக்னீஷியன். சிலிக்கோன் எண்ணெய்மேல் ஒரு நொடி தீக்கொழுந்தைக் காட்டினால் பாலாடை போல மெல்லிய ஏடு படியும். அதில் செல்லை விட்டால், அது கால் பரப்பி இழுக்க, ஏட்டில் சுருக்கம் விழும். ஆனால் கால் பரப்ப நான்கைந்து மணி நேரமாவது வேண்டும்.

துறைத் தலைவர் இதைத் தெரிந்துகொள்ளச் சிரமம் எடுத்துக்கொண்டதில்லை. ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடக் குழு வந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

"பத்தேகாலுக்குள்ள காட்டிடணும்" என்றார்.

சாந்தோமிலிருந்து வரும் ஆய்வு மாணவி செல்களை ஏட்டில் விட்டது எட்டு ஐம்பதுக்கு. என் டைரியில் இருக்கிறது. ஒன்பது நாற்பதுக்குத் தலைவர் எட்டிப் பார்க்கிறேன் என்று ஏட்டை இடுக்கி முனையால் இடித்ததும் இருக்கிறது.

பத்து பத்துக்கு நுண்ணோக்கியில் நல்ல சுருக்கங்கள்; படமும் எடுத்தாயிற்று. செல்களோ பக்கத்தில் ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகவே கிடந்தன.

"பாத்தேளா, என்ன இழு இழுக்கறது!" என்று குழுவிடம் பூரித்தவர், மாணவியிடம் திரும்பினார். "உன் தீசிஸ்ல மூணாவது அத்தியாயம் இந்தப் படம்தான்."

அவள் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தாள். "சார், ட்ரிப்சின் போட்டுப் பாத்துடலாமே."

செல்லின் பிடியைக் கழற்றும் திரவம் அது. செல் போனதும் சுருக்கமும் மறைந்தால்தான் அது செல்லின் வேலை. ஊற்றினாள். சில நிமிடங்களில் செல்கள் மிதந்து போயின. சுருக்கங்கள் அப்படியே இருந்தன.

தலைவர் அசரவில்லை. "செல்லே போயாச்சு, அதோட பலம் இன்னும் நிக்கறது பாருங்கோ!"

குழுவினர் ஏழு பேர், எல்லோரும் அறிவியல் படித்தவர்கள், கைதட்டினார்கள். பிறகு கேசரி சாப்பிட்டார்கள்.

மாலையில் மாணவி என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, அந்தப் படம் இல்லேன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டாராம். பொய்ப் படத்தை நான் எப்படி வெக்கறது? உங்க டைரில டைம் இருக்கா?"

"டைம் இருக்கும்மா. இடுக்கியும் இருக்கு."

அந்தப் பக்கத்தின் நகலை இருவரும் போய் அவர் முன் வைத்தோம். இருமுறை படித்தார்.

"ஏங்காணும், இதையெல்லாமா எழுதிண்டு இருக்கீர்?"

அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் அவர் மறுபடி பேசவில்லை. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். அவள் அத்தியாயத்தை முதலிலிருந்து செய்தாள். ஏழு மாதம் போயிற்று. அவளுடைய சுருக்கங்கள் ட்ரிப்சின் ஊற்றியதும் மறைந்தன. தீசிஸைப் படிக்காமலே அவர் கையெழுத்துப் போட்டார். நேரம் மட்டும் பார்த்துப் போட்டார்.