தலையாட்டினால் சம்மதமா?

உங்கள் காலை வெட்டப் போகிறார்கள் என்பதை யார் உங்களிடம் சொல்ல வேண்டும்? மருத்துவரா, பெற்ற பிள்ளையா? இரண்டு பேருமே சொல்லாமல் விட்டால்? திண்டிவனம் தைலம்மாளுக்கு நடந்தது அதுதான். அவருக்குக் காது கேட்காது. அவருக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதைக் கைகளால் பேசுகிறார். அதைத் தெரிந்துகொள்ளாத நாம்தான் அவரை ஊமை என்கிறோம்.

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றதும் சன்னலோரம் வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நிறைந்த கூடையைத் தூக்கிக் காட்டும் ஜெசிந்தாவை அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். அவருடைய அப்பா இருதயராஜுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் வாயால் பேசுவதற்கு முன்பே ஜெசிந்தா கையால் பேசிவிட்டார். பெற்றோர் இறந்துவிட்டார்கள், அவர்களோடு பழகிய காதுகேளாத முதியவர்கள் இருக்கிறார்கள். மாலையில் திண்டிவனம் ரயில் நிலையத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே கூடுவார்கள். கை தெரிய வெளிச்சம் வேண்டும். மின்சாரம் போனால் சண்டை பாதியில் நிற்கும். அவர்களில் யாருக்கு வங்கியில், மருத்துவமனையில் வேலை என்றாலும் ஜெசிந்தா கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுக் கிளம்புவார். இந்த வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. நியமித்திருக்க வேண்டியவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

தைலம்மாள் அந்தக் கூட்டத்தின் வாயாடி. மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். இயந்திர இரைச்சலில் எவர் பேச்சும் எவருக்கும் கேட்காது என்பதால், கூட இருந்த பெண்கள் அவரிடம் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். மில் பெண்களால் முடிந்தது, வீட்டில் ஒருவராலும் முடியவில்லை. சொந்தக்காரர்கள் அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், வாய் திறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பூர்வ ஜென்மப் பாவம் என்றார்கள். அத்தனை ஆண்டுகள் பேருந்தில் போய்வந்த நேரத்தில் நாலு பேர் அவருடைய மொழியைக் கற்றிருக்கலாம்.

சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஜெசிந்தா பார்க்கப் போனபோது, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று தைலம்மாள் கையால் சொன்னார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, "நாளைக்குக் காலு எடுக்கறாங்க, ராத்திரியில இருந்து எதுவும் சாப்பிடக் கூடாது" என்றார்.

ஜெசிந்தா தைலம்மாளின் மகன் வல்லரசுவை வராந்தாவில் பிடித்தார்.

"உங்கம்மாவாண்ட சொன்னியாடா?"

"எப்படிக்கா சொல்றது? எனக்குச் சாப்பாடு, தூக்கம், காசு, இந்த மூணு ஜாடைதான் தெரியும். என்னாண்ட கேட்டுக் கையெழுத்து வாங்கினாங்க. டாக்டர் அம்மாவாண்டயும் கேட்டாரு, அதுவும் தலையாட்டிச்சு."

தைலம்மாளின் கட்டிலருகே வந்த மருத்துவரும் அதையே சொன்னார். "நல்லாத் தலையாட்டினாங்கம்மா."

"சார், உங்க தலைய எடுக்கட்டுமான்னு கேளுங்க. அதுக்கும் ஆட்டுவாங்க."

மருத்துவர் நம்பவில்லை. தைலம்மாள் பக்கம் குனிந்து சத்தமாக, "உங்க பேரு மாரியப்பனா?" என்று கேட்டார்.

தைலம்மாள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இது அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பழகிய தற்காப்பு. புரியவில்லை என்றால் நாம் இன்னும் கத்துவோம், முறைப்போம், சலித்துக்கொள்வோம். தலையாட்டினால் விட்டுவிடுவோம். அவர்கள் ஆட்டுவது 'சரி' என்பதற்காக அல்ல, 'என்னை விடு' என்பதற்காக.

ஜெசிந்தா கையால் எல்லாவற்றையும் சொன்னார். தைலம்மாளின் சிரிப்பு நின்றது. பிறகு மருத்துவரைக் காட்டி, நெற்றிக்கு மேல் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு வேகமாகப் பேசினார். ஜெசிந்தா கூட்டாமல் குறைக்காமல் குரல் கொடுத்தார்.

"'ஏ வழுக்கை, காலு என்னோடதா என் புள்ளையோடதா? அவனாண்ட எதுக்குக் கேட்ட?' நான் சொல்லல சார், அவங்க சொல்றாங்க. உங்களுக்கு அவங்க வெச்ச பேரு அது."

மருத்துவர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, அழுகல் எதுவரை ஏறியிருக்கிறது, எடுக்காவிட்டால் உயிருக்கு என்ன ஆகும் என்று விளக்கினார். கட்டைக் கால் வைத்து ரயில் நிலையம் வரை நடக்க முடியுமா என்று தைலம்மாள் கேட்டார். பழகினால் முடியும் என்றதும் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: ஊசியை வலது கையில் குத்தக் கூடாது, கையைக் கட்டக் கூடாது. "என் வாய் அதுலதான் கீது." மருத்துவர் வாக்குக் கொடுத்தார்.

முடிவு மருத்துவர் எடுத்த அதே முடிவுதான். அப்படியானால் முதலிலேயே கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அரை மணி நேரம்!

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அறுவை முடிந்ததும் ஜெசிந்தாவை உள்ளே விடவில்லை. "நீங்க சொந்தமா? சொந்தக்காரங்க ஒருத்தர்தான்." உள்ளே போன வல்லரசு கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தான்.

"அக்கா, ரெண்டு கையயும் கட்டில்ல கட்டிட்டாங்க. அம்மா அழுவுது."

ஜெசிந்தா காவலாளியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். "கைய வீசினே இருந்தாங்க. மயக்கத்துல ட்ரிப்ஸப் புடுங்கிடுவாங்கன்னு கட்டினோம்" என்றார் புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ். நேற்று கொடுத்த வாக்கு அவர் காதுக்கு வரவேயில்லை. காது கேட்பவர்களின் லட்சணம் இது. கட்டை அவிழ்த்ததும் தைலம்மாளின் கைகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லின.

"குளிருதாம். போர்வை கேட்டுக்கினு கிடந்திருக்காங்க, பாவிங்களா."

போர்வை வந்தது. கொஞ்சம் தெளிந்ததும் தைலம்மாள் மகனைப் பார்த்து ஏதோ சொன்னார். வல்லரசு திரும்பி, "இன்னாக்கா சொல்லுது?" என்றான்.

"'அவளாண்ட கேக்காத, என்னாண்ட கேளு'ன்னு சொல்றாங்க."

அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் தெருவிலும் உங்கள் தெருவிலும் தலையாட்டிக்கொண்டே காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கு ஒரு சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், மல்லாட்டைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் ஓடிவர வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு நாளைக்கே போங்கள். "காது கேட்காதவர் வந்தால் இங்கே யார் பேசுவார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை அந்தக் கேள்வியையே மனுவாக எழுதிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் தெருவில் இருக்கும் அந்த முதியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் முதலில், வருகிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.