பதினாறு ஆஞ்சிலிப் பலகைகள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் ஒரு வாளியும் நிறைந்ததும் நின்றது. சாயா போட்டேன், கணவருக்குச் சீனி இல்லாமல், எனக்கு ஒரு கரண்டி. ஆறரைக்குப் புட்டும் முந்தைய நாள் மத்திக்கறியும். மாநகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதுவது என் வேலை. அன்றைக்கு விடுப்புக் கடிதம் முன்பே கொடுத்திருந்தேன். ஏழேகாலுக்கு இருவரும் லாரியில் ஏறினோம்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருப்பது. அதே பக்கத்தின் கடைசியில் இன்னொரு வரியும் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன்: "முதல் லோடு, சுக்கு, நாற்பது சாக்கு." நடப்பதற்கு முன்னால் எழுதி வைப்பது என் பழக்கம் இல்லை. அன்று எழுதினேன். ஒன்பது மணிக்குள் அதை அடிக்க வேண்டி வந்தது.

லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்கு நீண்ட பழைய வகை. எனக்கும் அதற்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், அதுதான் மூத்தது. பதிவுச் சான்றிதழில் இருப்பது என் பெயர், ஓட்டுவது என் கணவர். மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து வெலிங்டன் தீவுக்குச் சரக்கு கொண்டுபோவார். கால் முறிந்து அவர் வீட்டில் இருந்த இரண்டு வருடமும் லாரி வேலியோரம் நின்றது. இரண்டு மழைக்காலத்தில் பின்பக்கத் தளத்தின் பலகைகள் விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு மக்கிவிட்டன. கால் சரியானபோது ஏற்றுவதற்குத் தளம் இல்லை.

பாடி கட்டும் மூன்று பட்டறைகளில் கேட்டோம். மூன்றிலும் ஒரே பதில்: இரும்புத் தகடு போடலாம், ஒரே நாளில் முடியும். வேண்டாம் என்றேன். சுக்குக் கிடங்குச் சேட்டு மரத் தளம் உள்ள வண்டியில்தான் சரக்கு ஏற்றுவார். இரும்பு விடியற்காலையில் வேர்க்கும், அடிச்சாக்கு நனையும், சுக்கு பூத்துப்போகும். உச்சிவெயிலில் அதே இரும்பில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களால் வெறுங்காலோடு நிற்க முடியாது. இப்போது எல்லாரும் இரும்புதான் போடுகிறார்கள் என்று மூன்றாவது பட்டறைக்காரர் சிரித்தார். எல்லாரும் போடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மரத்தில் செய்யக் கடைசியில் கிடைத்த ஆள், வள்ளம் என்கிற நாட்டுப்படகு கட்டும் ஒரு மேஸ்திரி. காயலோரத்தில் அவருக்கு ஒரு கொட்டகை உண்டு. லாரியை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினோம். பழைய பலகைகளைக் கழற்றுவதற்கு முன் நான் ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டேன், அளவெடுத்து எழுதிக்கொண்டேன். பதினாறு பலகை. நீளம் பதினாலடி, அகலம் ஐந்து அங்குலம், கனம் ஒன்றரை. பலகைக்கு ஏழு போல்ட், ஆக நூற்றுப்பன்னிரண்டு. இரண்டு பலகைக்கு நடுவே ஒரு ரூபாய்த் துட்டு நுழையும் இடைவெளி. மேஸ்திரிக்கு இந்த இடைவெளி பிடிக்கவில்லை. தண்ணீர் புகும் என்றார். இது தரையில் ஓடுவது என்று நினைவுபடுத்தினேன். ஆஞ்சிலி மரம் வாங்கி, காயவைத்து, இழைத்து, பதினெட்டு நாளில் பதினாறு பலகையும் ஏறின. ஒரு போல்ட்கூட மேலே தலை நீட்டவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன்.

என் பட்டியலில் கடைசி வரி "எண்ணெய், இரண்டு பூச்சு." என்ன எண்ணெய் என்று நான் எழுதவில்லை. பூசிய அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன்.

அன்று எட்டு மணிக்குக் கிடங்கு வாசலில் லாரி நின்றது. சுமட்டுக்காரர்களின் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறினார். நடுவில் போய் நின்றார். குனிந்தார். பிறகு முழங்காலிட்டு மூக்கைப் பலகையில் வைத்தார்.

"சேச்சி, இது லாரியா, வள்ளமா? சுக்கு ஏத்தணுமா, வலை ஏத்தணுமா?"

கீழே நின்ற சுமட்டுக்காரர்கள் ஏழு பேரும் சிரித்தார்கள். தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்று என் கணவர் சொன்னார்.

"சேட்டனுக்கு எப்படி மணக்கும்? காலையில என்ன கறி?"

தலைவர் கேட்டது என் கணவரை. நான் ஏறிப் போய் மூக்கை வைத்தேன். சுக்குக் கிடங்கின் காரமான காற்றில் நின்று முகர்ந்தபோதுதான் தெரிந்தது. மத்தி எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுவது. மேஸ்திரி வாழ்நாள் முழுக்க ஆஞ்சிலிப் பலகைக்கு அதைத்தான் பூசியிருக்கிறார், இதற்கும் பூசிவிட்டார். பூசி முடித்தபின் ஆறு நாள் அந்த லாரி எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. எங்கள் தெருவில் இருபது வீடு, இருபதிலும் மீன். ஒருவர் மூக்கிலும் அது ஏறவில்லை. நானே தினமும் சாயங்காலம் அந்தத் தளத்தில் உட்கார்ந்து பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சேட்டு வெளியே வந்தார். அவர் குரல் உயர்த்துவதில்லை. சுக்கு பக்கத்தில் இருப்பதன் மணத்தை எல்லாம் குடித்துவிடும் என்றும், வாங்குகிறவர்கள் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்றும் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். தார்ப்பாய் விரிக்கலாமே என்றார் கணவர். வெயில் ஏறினால் தார்ப்பாய்க்குக் கீழே மீன் வேகும் என்றார் தலைவர். வேறு லாரி கூப்பிட்டார்கள். இரும்புத் தளம்தான், மேலே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழைய சாக்கு விரித்து ஏற்றினார்கள். அன்றைக்கு அதுபோதும் என்று சேட்டே சொல்லிவிட்டார். அந்த நாற்பது சாக்கும் ஏறி முடியும்வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன். போய்விடலாம் என்று கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். போகவில்லை.

கணவருக்குள்ளே ஒரு நிம்மதி வந்துவிட்டதை நான் பார்த்தேன். எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் கோட்டைப் பக்கம் காபிக்கடை வைத்திருக்கிறார். ஆறு மாதமாக இந்த லாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்ஜினைக் கழற்றிவிட்டு, மூக்கின்மேல் கண்ணாடி போட்டு, பின்தளத்தில் மேசை நாற்காலி போடுவது அவர் திட்டம். கொடுத்துவிடலாம் என்பது கணவரின் எண்ணம். கால் முறிந்தபின் அவருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயம் இருந்தது. அதை வெளியே சொல்லமாட்டார், மரம் சரியில்லை, மழை சரியில்லை என்பார். கிடங்கு வாசலிலேயே கைபேசியை எடுத்து அந்தக் காபிக்கடைக்காரரைச் சாயங்காலம் வரச் சொன்னார்.

நான் சேட்டிடம் போனேன். புதுச் சாக்கோ புதுத் தட்டியோ கிடங்குக்குள் வந்தால், ஒரு பிடி சுக்கைத் துணியில் முடிந்து அதன்மேல் ஒரு ராத்திரி வைத்து, காலையில் கடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தச் சோதனையை எனக்கும் வையுங்கள் என்றேன். மணம் தெரிந்த பலகைக்குச் சோதனை எதற்கு என்றார். "இந்தப் பலகைக்கு இல்ல. சாயங்காலம் நான் கொண்டுவரப் போற பலகைக்கு." கிடங்கு ஆறு மணிக்குப் பூட்டும் என்றார் சேட்டு. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

லாரியைக் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். மேஸ்திரி முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார்.

"ஆஞ்சிலிக்கு மீனெண்ணெய் போடாம பின்ன, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா போடுவாங்க? என் அப்பன் பூசின வள்ளம் இப்பவும் ஓடுது, மோளே."

வள்ளம் சுக்கு ஏற்றுவதில்லை என்றேன். தப்பு என்னுடையதும்தான் என்றும் சொன்னேன். பட்டியலில் எண்ணெயின் பெயரை எழுதாதவள் நான். அதைக் கேட்டதும் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். முதல் பலகையின் ஏழு போல்ட்டையும் கழற்றினோம். ஓரத்தில் பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தேன். மேலே நகத்தின் கனத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே மஞ்சள் மரம். எண்ணெய் ஆழமாக இறங்கவில்லை. மேலும் கீழும் பக்கமும் இழைக்கச் சொன்னேன். எண்ணெய் இல்லாத மரம் இரண்டு மழைகூடத் தாங்காது என்று எச்சரித்தார். மழைக்கு மேலே தார்ப்பாய் இருக்கிறது, தாங்கவில்லையென்றால் மூன்றாவது மழைக்கு மறுபடி வருகிறேன் என்றேன். இழைப்புளியைப் போருக்குப் போகிறவர் போல எடுத்தார். சீவல்களை நான் ஒவ்வொரு முறையும் முகர்ந்தேன். நாலாவது சீவலுக்குப் பிறகு என் மூக்கை நானே நம்பவில்லை. காலையில் சாப்பிட்ட கறி விரலில் இருந்தது.

மூன்றரை மணிக்குக் காபிக்கடைக்காரர் கொட்டகைக்கே வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். மீன் வாசம் அவருக்குப் பிரச்சினையே இல்லை, கடலோரக் கடைக்கு அது பொருத்தம்தான் என்றார். போட்டோவில் மணம் வராதே என்று என் கணவரும் சேர்ந்து சிரித்தார். லாரியை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகவும், மழை படாமல் கூரை போடுவதாகவும், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றும் அவர் சொன்னார். என் பதிலுக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

"எஞ்ஜின் இல்லாம நிக்கிறதுக்கு இந்த வண்டியைத் தர முடியாது. இவரும் ரெண்டு வருஷம் அப்படித்தான் நின்னாரு. எனக்குப் போதும்."

கணவர் தரையைப் பார்த்தார். அப்படி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் சொன்னது பொய் இல்லை. அதை நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன், அடிக்கவில்லை. காபிக்கடைக்காரர் மனம் மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். மாறாது என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். மேஸ்திரி காதில் மட்டும் அது விழுந்தது.

பதினாலடிப் பலகையை எங்கள் வீட்டு அறையில் வைக்க முடியாது. முடிந்தாலும் அங்கே வைக்கக் கூடாது. மேஸ்திரி முன்னால், கணவர் பின்னால், இருவருமாகத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியே நடந்தார்கள். கணவர் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். அவராகவே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தே முக்காலுக்குக் கிடங்கின் உள்நடையில் பலகையை வைத்தோம். சேட்டு தன் கையாலேயே ஒரு பிடி சுக்கைத் துணியில் முடிந்து அதன் நடுவில் வைத்தார். அன்றிரவு வீட்டில் மீன் சமைக்கவில்லை. கஞ்சியும் பயறும். கணவர் இரண்டு முறை சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் பல் துலக்கவில்லை. பற்பசையின் மணம் நாக்கில் இருக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, சாயாவும் குடிக்காமல், ஏழு மணிக்குக் கிடங்கு திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனேன். சேட்டு முடிச்சை அவிழ்த்தார். ஒரு துண்டைத் தலைவரிடம் கொடுத்தார், ஒன்றைத் தன் வாயில் போட்டார், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் மென்றோம். காரம் தொண்டைவரை போனது. காரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

தலைவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"சுக்குதான். ஆனா சேச்சி, பதினஞ்சு பாக்கி உண்டல்லோ."

தெரியும் என்றேன். அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குப் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்து, இரண்டாவது பலகையின் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.